'கிரேடியண்ட்': ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறும் அதன் தமிழாக்கச் சிக்கலும்

நிலத்தின் சரிவைச் சுட்ட ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் பல. அவற்றுள் ஸ்லோப், இன்கிளைன், டிகிளிவிட்டி, கிரேடியண்ட் ஆகிய நான்கும் நம் மாணவர்கள் பாடநூல்களில் அடிக்கடி எதிர்கொள்பவை. ஆங்கில-தமிழ் அகராதிகளைப் புரட்டினால் இந்நான்கிற்கும் 'சரிவு', 'சாய்வு' என்னும் இரு சொற்களே மாறி மாறிப் பொருளாகத் தரப்படுவதைக் காண்கிறோம். நான்கும் ஒருபொருட் பன்மொழி என்ற எண்ணம் இதனால் ஆசிரியர்களிடையேயும் நிலைபெற்றுவிட்டது. கதையோ கட்டுரையோ மொழிபெயர்க்கும்போது இவ்வெண்ணத்தால் பெரிய கேடு விளைவதில்லை. ஆயின் கணிதம், வானிலையியல், சமூகநலவியல் ஆகிய துறைகளுக்குள் நுழையும்போது இவற்றுள் ஒரு சொல் மட்டும் தனித்து நின்று மொழிபெயர்ப்பாளரை இடறச் செய்கின்றது. அச்சொல் கிரேடியண்ட். அது எங்கே பிறந்தது, எத்தேவைக்காகப் பிறந்தது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்ந்து, அவ்வரலாற்றின் ஒளியில் தமிழ்க் கலைச்சொற்களை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நழுவல், சாய்தல், அடியெடுத்து வைத்தல்

ஆங்கிலத்தின் சரிவுச் சொற்களை வேர்வழி நோக்கினால் அவற்றின் அடியில் மூன்று வெவ்வேறு காட்சிகள் இருப்பது புலனாகும்.

முதலாவது நழுவல். ஸ்லோப் என்பது 'அஸ்லோப்' என்ற பழைய வினையடையின் சுருக்கம் என்றும், அவ்வினையடை 'நழுவிச் செல்லுதல்' எனப் பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்திருக்கலாம் என்றும் சொற்பிறப்பு அறிஞர் கருதுவர். பெயர்ச்சொல்லாக இது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வழங்குகின்றது. கால் நிலைக்காத இடம் என்பதே இதன் அடிப்படைக் காட்சி.

இரண்டாவது சாய்தல். இன்கிளைன், டிகிளைன், டிகிளிவிட்டி ஆகியன இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இலத்தீனில் 'கிளீவுஸ்' என்பது மேட்டுச் சரிவு. பண்டைய உரோம் நகரில் கேப்பிட்டோல் குன்றின்மீது ஏறிய தெருவிற்குக் 'கிளீவுஸ் கேப்பிட்டோலினுஸ்' என்றே பெயர். இதே வேரின் கிரேக்கக் கிளை இன்னும் சுவையானது. சாய்த்தலைக் குறித்த கிரேக்க வினையிலிருந்து 'கிளீமா' என்னும் பெயர் பிறந்தது. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் நோக்கிப் புவி சாய்ந்து செல்வதாகக் கொண்டு, அச்சாய்வின்படி நிலப்பரப்பைப் பட்டை பட்டையாகப் பகுத்த கிரேக்கப் புவியியலார் ஒவ்வொரு பட்டையையும் கிளீமா என்றனர். பட்டைக்குரிய பெயர் பின்னர்ப் பட்டையின் வெப்பதட்பத்திற்கு ஆகி வந்தது. அதுவே ஆங்கிலத்தின் கிளைமேட். அதே கிரேக்கச் சொல் அரபு மொழிக்குள் 'இக்லீம்' எனப் புகுந்து, அங்கிருந்து மலாய் மொழிக்கு 'இக்லிம்' என வந்து சேர்ந்தது. நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளை புவியியல் பாடத்தில் இக்லிம் என்று எழுதும்போது, ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு கிரேக்கச் சாய்வைத்தான் எழுதுகின்றது. உண்மையில் ஏணியைக் குறிக்கும் ஆங்கில 'லேடர்', சாய்தலைக் குறிக்கும் 'லீன்' ஆகியனவும் இவ்வேரின் வழிவந்தவையே.

மூன்றாவது அடியெடுத்து வைத்தல். இலத்தீனில் 'கிராதுஸ்' என்பது அடி அல்லது படி. நடத்தலைக் குறிக்கும் வினை அதனோடு இயைந்தது. கிரேடு, கிராஜுவேட், புராகிரஸ் முதலியன இவ்வழி வந்தவை. கோணத்தை அளக்கும் 'டிகிரி'யும், பல்கலைக்கழகங்கள் வழங்கும் 'டிகிரி'யும் இவ்வேரினவே. கிரேடியண்ட் இக்குடும்பத்தின் கடைக்குட்டி.

இம்மூன்று காட்சிகளும் தமிழிலும் அப்படியே உள்ளன என்பதை இங்கேயே குறித்துவைத்தல் நன்று. சரிதல் என்ற வினையிலிருந்து சரிவு, சாய்தலிலிருந்து சாய்வு, படிந்தும் அடுக்கியும் அமைந்த படி. சங்க இலக்கியத்தில் மலைப்பக்கத்தைக் குறிக்கும் சாரல் 'சார்' என்பதோடும், அடுக்கம் 'அடுக்கு' என்பதோடும் உறவுடையன. நம் முன்னோர் மலைச்சரிவைச் சார்ந்து நிற்பதாகவும் கண்டனர், அடுக்கி வைத்ததாகவும் கண்டனர். ஆகவே தமிழில் சொல் வளமில்லை என்ற வாதத்திற்கு இங்கே இடமில்லை. எக்காட்சியைத் தெரிந்தெடுப்பது என்பதே கேள்வி.

இருப்புப்பாதைக்கு முன்

கிரேடியண்ட் என்னும் வடிவம் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இருந்தது. அப்போது அதற்குச் சரிவு என்ற பொருள் அறவே இல்லை. அது 'நடக்கின்ற' எனப் பொருள்படும் பெயரடை. இலண்டன் அரச கழகத்தை நிறுவியோருள் ஒருவரான ஜான் வில்கின்ஸ், 1648இல் வெளியிட்ட தம் எந்திரவியல் நூலில், தாமே நடக்கும் பொறிகளைக் குறிக்க இச்சொல்லை ஆண்டார். குடிப்பெருமைச் சின்னங்களை விவரிக்கும் கலையில், நடக்கும் கோலத்தில் வரையப்பட்ட ஆமையைக் கிரேடியண்ட் என்பர். ஆமையிடமிருந்து நீராவி எந்திரத்திடம் இச்சொல் எவ்வாறு தாவியது என்பது வியப்பாகத் தோன்றலாம். நேரடித் தாவல் நிகழ்ந்ததாகச் சொல்வதற்கில்லை. 1830களில் 'கிரேடு' என்ற சொல்லுடன் இலத்தீன் சாயல் கொண்ட ஈற்றைச் சேர்த்துப் பொறியாளர்கள் புதிதாகவே ஆக்கிக்கொண்டனர் என்பதே அகராதியாளர் பெரிதும் ஏற்கும் கருத்து. பழைய பெயரடை வழக்கொழிந்து, அதே வடிவம் வேறு பொருளில் மீண்டும் பிறந்தது எனலாம்.

கண்ணுக்குத் தெரியாத சரிவு

ஸ்லோப், இன்கிளைன், டிகிளிவிட்டி என்று மூன்று சொற்கள் கையில் இருக்க, நான்காவதாக ஒன்றை 1830களில் ஏன் உண்டாக்க வேண்டும்? இக்கேள்விக்குரிய விடை மொழியியலில் இல்லை, இருப்புப்பாதையில் இருக்கின்றது.

கற்சாலையில் வண்டி இழுக்கும் குதிரைக்கு, நூறடிக்கு ஓரடி ஏறும் மேடு ஒரு பொருட்டன்று. வண்டிக்காரர் அதனைச் சமதரை என்றே எண்ணிச் செல்வார். இரும்புத் தண்டவாளத்தின்மீது இரும்புச் சக்கரம் உருளும்போது நிலைமை தலைகீழாகின்றது. உராய்வு மிகக் குறைவு. அக்காலப் பொறியாளர்கள் ஒரு டன் எடையைச் சமதளத்தில் இழுக்க 8 முதல் 10 ராத்தல் விசை போதும் எனக் கணக்கிட்டனர். ஆங்கிலேய டன் 2240 ராத்தல். ஆகவே 280 அடிக்கு ஓரடி உயரும் பாதையில் புவியீர்ப்பு மட்டுமே டன்னுக்கு 8 ராத்தல் பின்னிழுக்கும். அதாவது இழுக்க வேண்டிய சுமை இருமடங்காகிவிடும். 280க்கு 1 என்பது கண்ணால் காண இயலாத ஏற்றம். பாதையோரம் நிற்பவருக்கு அது சமதளம். எந்திரத்திற்கு அது மலை.

இங்கேதான் பழைய சொற்கள் தோற்றன. ஸ்லோப்பும் இன்கிளைனும் கண் கண்டதைச் சொல்லும் சொற்கள். கண் காணாததும் மட்டக்கருவியால் மட்டுமே அறியத்தக்கதும், எண்ணால் மட்டுமே சொல்லத்தக்கதுமான சரிவிற்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது. எவ்வளவு தொலைவுக்கு எவ்வளவு ஏற்றம் என்ற கணக்கே கிரேடியண்ட்.

தொடக்க கால இருப்புப்பாதைகள் இதனை மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டன. 1825இல் திறக்கப்பட்ட ஸ்டாக்டன்-டார்லிங்டன் பாதையில் மேடுகளைக் கடக்கும் இடங்கள் 'இன்கிளைன்' எனப்பட்டன. அங்கே உச்சியில் நிலையான நீராவிப் பொறியை நிறுவிக் கயிற்றால் வண்டிகளை இழுத்தனர். அக்காலத்தில் ஒரு பாதை என்பது சமதளப் பகுதிகளும் அவற்றை இணைக்கும் சில கயிற்றுச் சரிவுகளும் சேர்ந்தது. கால்வாய்களின் மதகுப் படிகளைப் போல. லிவர்பூல்-மான்செஸ்டர் பாதைக்காக 1829இல் வாக்கர், ராஸ்ட்ரிக் என்னும் இரு பொறியாளர்கள் அளித்த அறிக்கையும் நிலையான பொறிகளையே பரிந்துரைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் ரெயின்ஹில் என்னுமிடத்தில் நடந்த புகழ்பெற்ற போட்டியில் ஸ்டீபன்சன் குழுவினரின் 'ராக்கெட்' வென்றது. போட்டி நடந்தது சமதளத்தில். அதன் ஒருபுறம் 96க்கு 1, மறுபுறம் 89க்கு 1 என இரு சரிவுகள் இருந்தன. நகரும் எந்திரமே அவற்றைக் கடக்கும் எனத் தெளிவானபின், சரிவு பாதையின் விதிவிலக்காக இருந்த நிலை மாறிற்று. பாதையின் ஒவ்வோரடியும் ஏதோ ஓர் எண்ணளவு ஏறுவது அல்லது இறங்குவது அல்லது சுழி என்றாயிற்று. இன்கிளைன் ஓர் இடத்தின் பெயர். கிரேடியண்ட் பாதை முழுமைக்குமான ஒரு பண்பின் பெயர்.

இலண்டன்-பர்மிங்காம் பாதையை அமைத்த ராபர்ட் ஸ்டீபன்சன், மைலுக்கு 16 அடிக்கு மேல் ஏறக்கூடாது என வரம்பு வகுத்துக்கொண்டார். 330க்கு 1 என்பதே அது. அவ்வரம்பிற்காகக் குன்றுகள் குடையப்பட்டன, பள்ளத்தாக்குகள் மண்ணிட்டு உயர்த்தப்பட்டன. ஆயின் இலண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து கேம்டன் வரையிலான செங்குத்தான சிறு பகுதியில் 1837 முதல் 1844 வரை கயிறே இழுத்தது. புரூனலின் கிரேட் வெஸ்டர்ன் பாதையோ பெரும்பகுதி மேசைபோல் தட்டையானது என்று பெயர் பெற்றது. அதன் பாக்ஸ் சுரங்கத்தில் 100க்கு 1 என்ற சரிவு வந்தது. தடை பழுதுபட்டால் வண்டி மணிக்கு 120 மைல் வேகத்தில் வெளிவந்து சிதறும் எனப் பேராசிரியர் டயோனிசியஸ் லார்ட்னர் நாடாளுமன்றக் குழுமுன் எச்சரித்தார். உராய்வையும் காற்றின் தடையையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை எனப் புரூனல் எடுத்துக்காட்டினார். இச்செய்தியைப் பலரும் லார்ட்னரை எள்ளுவதற்காகவே சொல்வர். நாம் அதில் வேறொன்றைக் காண்கிறோம். ஒரு சரிவைப் பற்றி நாடாளுமன்றத்தில் எண்ணைக் கொண்டு வாதிடுவது அப்போது இயல்பாகிவிட்டிருந்தது. அவ்வாதத்திற்குரிய கருவியாக ஒரு சொல்லும் பிறந்துவிட்டது.

வரம்புகளை மீறியோரும் இருந்தனர். பர்மிங்காம்-குளோஸ்டர் பாதையின் பொறியாளர் மூர்சம், பணத்தை மிச்சப்படுத்த எண்ணி லிக்கி குன்றின்மீது நேராகவே பாதையை ஏற்றினார். 37.7க்கு 1 என்ற அளவில் இரண்டு மைல் தொடர் ஏற்றம். 1840இல் அது திறக்கப்பட்டபோது அதன்மீது ஏற வல்ல எந்திரங்களை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலிருந்து, நாரிஸ் என்பாரின் தொழிற்கூடத்தில் வாங்கினர். 1836இல் அவருடைய எந்திரம் ஒன்று 14க்கு 1 என்ற சரிவில் ஏறிக்காட்டியிருந்ததே இதற்குக் காரணம். 1840 நவம்பரில் லிக்கியின் அடிவாரத்திலுள்ள புரோம்ஸ்குரோவ் நிலையத்தில் வேறோர் எந்திரத்தின் கொதிகலன் வெடித்து இருவர் மாண்டனர். அவர்களுடைய கல்லறைக் கற்களில் நீராவி எந்திரத்தின் உருவம் செதுக்கப்பட்டிருப்பதை அவ்வூர்த் தேவாலய வளாகத்தில் காணலாம்.

அமெரிக்கர் இப்புதிய சொல்லைப் பெரிதும் கொள்ளவில்லை. 'கிரேடு' என்பதோடே நின்றுகொண்டனர். அங்கே கிரேடு சரிவையும் குறிக்கும், தரைமட்டத்தையும் குறிக்கும். சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் குறுக்கிடும் இடத்தைப் பிரித்தானியர் 'லெவல் கிராசிங்' என்றால் அமெரிக்கர் 'கிரேடு கிராசிங்' என்பர். ஒரே சொல் சரிவுக்கும் சமதளத்திற்கும் ஆவது முரணாகத் தோன்றினும், படி என்ற வேரை நினைத்தால் முரணில்லை. படிக்கு ஏற்றமும் உண்டு, நிற்பதற்குரிய தட்டையும் உண்டு.

பிரித்தானியப் பாதையோரங்களில் இரு கைகள் நீட்டிய சிறு கம்பங்கள் நடப்பட்டன. ஒவ்வொரு கையிலும் அப்பக்கத்துச் சரிவின் எண் எழுதப்பட்டிருக்கும். கை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சாய்ந்திருக்கும். எந்திரம் ஓட்டுபவர் வெளியே பார்த்துச் சரிவை அறிய முடியாது என்பதற்கு இக்கம்பங்களே சான்று. கண்ணால் காண முடியுமாயின் கம்பம் எதற்கு?

இச்சொல் இந்தியாவிற்கும் பாதையோடே வந்தது. மும்பையிலிருந்து தக்காணத்திற்கு ஏறும் போர்க் கணவாய்ப் பாதை, ஜேம்ஸ் பெர்க்லியின் திட்டப்படி, 1863இல் திறக்கப்பட்டது. அதன் மிகக் கடுமையான பகுதி 37க்கு 1. லண்டன் ஏட்டில் அது ஓர் எண். கணவாயில் பல்லாயிரம் கூலிகள் பாறையைக் குடைந்து, காலராவில் மடிந்து அமைத்த பாதை. தமிழகத்தில் 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் சென்ற நீலகிரி மலைப்பாதை ஏறத்தாழ 12க்கு 1 என ஏறுவதால், வழுவழுப்பான சக்கரம் அங்கே பயனற்றது. தண்டவாளங்களுக்கிடையே பற்சட்டம் பதித்தே எந்திரம் ஏறுகின்றது. 12க்கு 1 என்பது கோணக்கணக்கில் 5 பாகைக்கும் குறைவே. மலையில் நடப்பவர் அதனைப் பெரிய ஏற்றம் என்று எண்ணமாட்டார்.

தண்டவாளத்தை விட்டு வெளியே

பொறியாளர் கையில் பிறந்த சொல் அவர் கையிலேயே நிற்கவில்லை. கலங்கரை விளக்கங்களை அமைத்த எடின்பரோ பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன், 1860களின் பிற்பகுதியில், இரு இடங்களின் காற்றழுத்த வேறுபாட்டை அவற்றின் இடைத்தொலைவால் வகுத்துப் புயலின் கடுமையை மதிப்பிடலாம் எனக் காட்டினார்; அவ்வளவையைக் காற்றழுத்த கிரேடியண்ட் என்றார். (நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை இவர்.) இங்கே நிலமும் இல்லை, மேடும் இல்லை. இருப்பினும் தொலைவுக்கு ஏற்ப ஓர் அளவு படிப்படியாக மாறும் கணக்கு அப்படியே பொருந்திற்று. சாய்வுக் குடும்பத்தின் கிளைமேட் முன்பே வானிலைக்குள் நுழைந்திருந்தது. படிக் குடும்பத்தின் கிரேடியண்ட்டும் இப்போது அங்கே வந்து சேர்ந்தது.

கணிதத்தில் வரலாறு சற்று வேறு. 1870இல் இயற்பியல் அறிஞர் மேக்ஸ்வெல், தம் நண்பர் டெய்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், பல திசைகளில் மாறும் அளவொன்றின் மாற்றவீதத்திற்கு ஸ்லோப் என்று பெயரிடலாம் எனக் கருத்துரைத்தார். திசையுடைய ஒன்றிற்கு அச்சொல் இயல்பாகப் பொருந்தும் என்பது அவர் வாதம். மண்ணின் மணமுடைய பழைய ஆங்கிலச் சொல்லுக்கு அத்துணைப் பெரியவர் பரிந்து பேசியும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்றது கிரேடியண்ட்டே. நேர்க்கோட்டின் சாய்வைச் சொல்ல மட்டும் இரண்டும் நாட்டுக்கு நாடு மாறி வழங்குகின்றன: அமெரிக்கப் பாடநூல்களில் ஸ்லோப், பிரித்தானிய வழிவந்த பாடநூல்களில் கிரேடியண்ட். அதற்குரிய எழுத்தாக 'எம்' வந்த காரணத்தை, ஏறுதலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையோடு தொடர்புபடுத்தி, டெக்கார்ட்டே வழங்கினார் எனக் கூறும் ஆசிரியர்கள் உளர். டெக்கார்ட் அவ்வெழுத்தை அவ்வாறு ஆளவில்லை. மாணவர்க்குச் சொல்லாமல் விடுவதே நல்லது.

இச்சொல்லின் பயணத்தில் நமக்கு மிக முதன்மையாகத் தோன்றுவது அதன் அண்மைக்கால நிறுத்தமாகும். 1967இல் பிரித்தானிய அரசு ஊழியருள் 17,000க்கும் மேற்பட்ட ஆடவரைக் கொண்டு ஒயிட்ஹால் ஆய்வு தொடங்கப்பட்டது. மைக்கேல் மார்மட் முதலியோர் வெளியிட்ட அதன் முடிவுகள் மருத்துவ உலகை வியக்கவைத்தன. பதவியில் கடைநிலையில் இருந்தோரின் இறப்பு வீதம், உயர்நிலையில் இருந்தோரைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. ஏழைக்கு நோய் மிகுதி என்பது எவரும் அறிந்ததே. இவர்களோ எவரும் பட்டினி கிடந்தோர் அல்லர். புதிய செய்தி என்னவெனில், உச்சிக்கும் அடிக்கும் இடையே எங்கேயும் ஒரு பிளவு தென்படவில்லை. மேலிருந்து இரண்டாம் நிலையில் இருந்தவரும் முதல் நிலையில் இருந்தவரைவிட நலம் குன்றியிருந்தார்; ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆயுள் குறைந்தது. இதனைச் 'சோஷியல் கிரேடியண்ட்' என்றனர். அரசு ஊழியரின் பதவிநிலைக்கு ஆங்கிலத்தில் 'கிரேடு' என்பதே பெயராதலால், இங்கே சொல் தன் வேரையே மிதித்து நிற்கின்றது.

சொல்லின் இயல்பு இந்த ஆய்வில் முற்றும் வெளிப்படுவதாகக் கருதுகிறோம். இச்சரிவும் கண்ணுக்குத் தெரியாதது. அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருக்கும் இருவருக்கிடையே அதனைக் காண முடியாது. எண்ணிப் பார்த்தாலன்றிப் புலப்படாது. 280க்கு 1 என்ற தண்டவாளத்தைப் போன்றதே இது.

தமிழில் என்ன செய்தோம்?

தமிழகத்துக் கணிதப் பாடநூல்கள் நேர்க்கோட்டின் கிரேடியண்ட்டைச் 'சாய்வு' என்றன. இலங்கைப் பாடநூல்கள் 'படித்திறன்' என்றன. இரண்டும் ஒரே மொழியின் இருவேறு தெரிவுகள். தமிழகம் காட்சியைப் பார்த்தது: கோடு சாய்ந்திருக்கின்றது, ஆகவே சாய்வு. இலங்கை வேரைப் பார்த்தது: கிராதுஸ் படி, ஆகவே படித்திறன். தமிழகத் தெரிவு மாணவருக்கு உடனே விளங்கும். இலங்கைத் தெரிவு விளக்கினால்தான் விளங்கும். இக்காரணத்தால் நம்மில் பலரும் சாய்வையே விரும்புகிறோம்; படித்திறன் என்பதை 'படிக்கும் திறன்' என்று பொருள்கொண்டு நகைப்போரும் உண்டு.

மலேசியத் தமிழ் மாணவரின் நிலை இவ்விரண்டிற்கும் வெளியே இருக்கின்றது. தமிழ்ப்பள்ளிகளில் தொடக்கநிலைக் கணிதம் தமிழில் கற்பிக்கப்பட்டு, 2003இல் ஆங்கிலத்திற்கு மாறி, 2009இல் எடுக்கப்பட்ட முடிவின்படி படிப்படியாகத் தமிழுக்கு மீண்டது. கிரேடியண்ட் பாடமோ இடைநிலைப்பள்ளியில் வருவது. ஆகவே நம் பிள்ளைகள் அதனை மலாயில் 'கெச்செருனான்' என்றே முதலில் அறிகின்றனர். 'செருன்' என்பது சரிவு; முன்னும் பின்னும் ஒட்டுச் சேர்த்துச் சரிவை ஒரு பண்பாக, அளக்கத்தக்க தன்மையாக, மாற்றியிருக்கின்றது மலாய். செருன் காணப்படுவது, கெச்செருனான் கணக்கிடப்படுவது என்ற வேறுபாடு அச்சொல்லாக்கத்திலேயே அமைந்திருப்பது பாராட்டத்தக்கது.

தமிழில் அவ்வேறுபாடு குழம்பிக் கிடப்பதைப் பொதுவாழ்விலும் காண்கிறோம். 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் உயிரிழந்தபின், 'செருன்' என்பது இந்நாட்டில் பாதுகாப்பு பற்றிய சொல்லாயிற்று. பொதுப்பணித் துறையில் 2004இல் செருன் பொறியியலுக்கெனத் தனிப்பிரிவே அமைக்கப்பட்டது. இதனைத் தமிழில் எழுதப் புகுந்தால் 'சரிவுப் பொறியியல்' என்போம். ஆனால் நிலச்சரிவு என்றால் நமக்குச் சரிந்து விழுந்த நிலம். மலைச்சரிவு என்றால் விழாமல் நிற்கும் மலைப்பக்கம். இன்னும் நின்றுகொண்டிருக்கும் ஒன்றையும் விழுந்துவிட்ட ஒன்றையும் ஒரே சொல்லால் சுட்டுகிறோம். அபாய அறிவிப்பை மொழிபெயர்ப்பவருக்கு இது வெறும் இலக்கண நுணுக்கம் அன்று.

இனி, நம் கலைச்சொற்களை ஒயிட்ஹால் ஆய்வுக்கு முன் நிறுத்திப் பார்ப்போம். சோஷியல் கிரேடியண்ட்டைச் 'சமூகச் சாய்வு' என மொழிபெயர்த்தால், சமூகம் ஒருபக்கம் சாய்ந்து நடுநிலை தவறியதாகவே வாசகர் கொள்வர். சாய்வு தமிழில் ஓரவஞ்சனையையும் குறிக்குமன்றோ. 'சமூகச் சரிவு' எனில் சமூகம் சீரழிந்தது என்றாகும். விலைச்சரிவு, ஒழுக்கச்சரிவு என்னும் வழக்குகள் அப்பொருளை உறுதிப்படுத்திவிட்டன. மூன்றாவதாக, கட்டடத் தொழிலாளர் வழங்கும் 'வாட்டம்' உள்ளது. குளியலறைத் தரையில் தண்ணீர் வடிய 80 அங்குலத்திற்கு ஓரங்குலம் என்ற அளவில் தரையைத் தாழ்த்துவதை வாட்டம் கொடுத்தல் என்பர். கண்ணுக்குத் தெரியாமல், மட்டப்பலகைக்கும் தண்ணீருக்கும் மட்டுமே தெரியும் சரிவு அது. கிரேடியண்ட் பிறந்த சூழலுக்கு இத்துணை நெருங்கிய சொல் தமிழில் வேறில்லை. பொறியியல் நூல்களில் இச்சொல்லை இன்னும் துணிந்து ஆளலாம் என்பது நம் கருத்து. ஆனால் 'சமூக வாட்டம்' என்றவுடன் சமூகத்தின் துயரம் வந்து நிற்கின்றது.

ஆக, எஞ்சுவது படி. 'சமூகப் படித்திறன்' என்பது தெளிவாக இல்லை. எனினும் அது பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு படியிலும் மாற்றம் உண்டு என்ற உயிர்ப்பொருள் அதில் மட்டுமே எஞ்சுகின்றது. இலங்கைச் சொல்லாக்கத்தார் வேரைப் பற்றிக்கொண்டது வெறும் இலத்தீன் பற்று எனக் குறை கூறுவோர், சொல் தண்டவாளத்தை விட்டு எங்கெல்லாம் செல்லும் என்பதை நோக்கவில்லை. அச்சொல்லின் குறை 'திறன்' என்னும் பின்னொட்டில் உள்ளது. ஆற்றலைக் குறிக்கும் அது அளவைக் குறிக்கும் இடத்தில் பொருந்தாமல் நிற்கின்றது. அதனை நீக்கிப் 'படிவீதம்' என ஆக்கினால், படியும் நிற்கும், இத்தனைக்கு இத்தனை என்ற கணக்கும் நிற்கும். காற்றழுத்தப் படிவீதம், வெப்பநிலைப் படிவீதம், செறிவுப் படிவீதம், சமூகப் படிவீதம் என எல்லா இடத்திலும் ஒரே வடிவம் செல்லும். நேர்க்கோட்டுக்கு மட்டும் சாய்வு என்பது பல தலைமுறை மாணவர் நாவில் பழகியது; அதனை மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலத்திலேயே ஸ்லோப்பும் கிரேடியண்ட்டும் அவ்விடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன.

வகுப்பறையில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், வரைபடத்தாளில் சாய்கோடு வரைந்து தொடங்குவதே வழக்கம். கோடு சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிவதால், கணக்கு எதற்கு என்ற எண்ணமே மாணவர்க்கு முதலில் தோன்றும். மாறாகப் பள்ளிக் கழிப்பறைத் தரையில் ஒரு குவளை நீரை ஊற்றி, அது எத்திசையில் ஓடுகின்றது எனக் காட்டி, இரு முனைகளின் உயரத்தையும் மட்டக்குழாயால் அளந்து, நீளத்தால் வகுக்கச் செய்தால், 1830களின் பொறியாளர் நின்ற இடத்திலேயே மாணவரும் நிற்பர். கிடைத்த எண்ணுக்கு என்ன பெயரிடலாம் என்று அவர்களையே கேட்கலாம். வாட்டம் என்று சொல்லும் பிள்ளை வகுப்பில் ஒன்றாவது இருக்கும்.